சும்மா இருக்கும் சிப் ஏன் பற்றரியைக் குடிக்கிறது?



வன்னிப் பெருநிலப்பரப்பில் பற்றரி என்பது எல்லாக் காலத்திலும் கடையில் கைநீட்டி வாங்கும் பொருளாக இருக்கவில்லை. 1990களில் இப்பகுதிக்குள் கொண்டுவருவதற்குத் தடை விதிக்கப்பட்டிருந்த பொருள்களுள் பற்றரியும் ஒன்று. வானொலியில் செய்தி கேட்பதற்காகச் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து மின்சாரம் எடுத்த வீடுகள் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் பல. 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளம் பக்கம் போய்ச் சேர்ந்த எம்மவர்களின் பிள்ளைகளும் முகாம்களில் குப்பி விளக்கு வெளிச்சத்தில் படித்தவர்கள்தான். 2022 ஆம் ஆண்டில் நாட்டின் மின்வெட்டு ஒரே நாளில் 13 மணித்தியாலம் வரை நீண்டபோது, இன்று எமது வகுப்பறைகளில் இருக்கும் மாணவிகளும் அதன் சிறு பங்கை அனுபவித்துவிட்டார்கள்.

ஆகவே, "பற்றரி ஏன் இவ்வளவு கெதியாக இறங்குகிறது?" என்று இங்குள்ள ஒரு பெற்றோர் கேட்டால், பௌதிகவியல் கற்பிக்கும் என்னால் அதைச் சின்னக் கேள்வி என்று தள்ளிவிட முடியாது. அப்படி ஒரு கேள்விக்கு நான் சொன்ன பதிலையே இங்கு விரிவாக எழுதுகிறேன்.

ஒரு வாப்பாவின் கேள்வி

எமது உயர்தர வகுப்பு மாணவி ஒருவர் வகுப்புச் செயற்றிட்டமாக ஒரு கருவி செய்தார். அவருடைய வாப்பா வவுனியாவில் மேட்டுக்காணியில் மிளகாய் செய்பவர். மண் காய்ந்துபோனால் சத்தமிட்டு அறிவிக்கும் கருவி அது. மண்ணில் இரண்டு உலோகக் கம்பிகளைக் குத்தி வைப்பது. ஈரம் குறையக் குறைய அக்கம்பிகளுக்கு இடையிலான தடை கூடும். தடை ஓர் அளவைத் தாண்டியதும் ஒலிப்பான் ஒலிக்கும். 9 வோல்ற்றுப் பற்றரி ஒன்று, 4069 என்ற இலக்கமுடைய தர்க்கச் சிப் ஒன்று, 100 கிலோஓம் தடையி ஒன்று, ஒரு திரான்சிற்றர், ஓர் ஒலிப்பான். சுற்று இவ்வளவுதான்.

கருவி சரியாகவே வேலை செய்தது. காய்ந்த மண்ணில் வைத்தால் ஒலித்தது, நனைத்ததும் நின்றது. ஆனால் தோட்டத்தில் வைத்து ஒரு கிழமை போவதற்குள் பற்றரி இறங்கிவிட்டது. வாப்பா நேரத்துக்குத் தண்ணீர் இறைத்ததால் அந்தக் கிழமையில் ஒலிப்பான் ஒரு தடவையேனும் ஒலிக்கவில்லை. இரண்டாவது பற்றரியும் அப்படியே போயிற்று. கடைக்காரர் பழைய பற்றரியைத் தந்துவிட்டார் என்று நினைத்து வேறு கடையில் மூன்றாவதை வாங்கினார்கள். அதுவும் ஒரு கிழமைதான்.

பெற்றோர் கூட்டத்துக்கு வந்த வாப்பா என்னிடம் கேட்டார். "டீச்சர், சத்தமே போடாத சாமானுக்கு எப்படிப் பற்றரி முடியும்? பிள்ளை எங்கேயோ வயரைப் பிழையாகக் கொடுத்திருக்கிறா போல. மாதம் நாலு பற்றரி வாங்க எங்களுக்கு ஏலாது. இந்த வேலையை விட்டுவிட்டு ஒழுங்காகப் படிக்கச் சொல்லுங்கோ."

மாணவி பக்கத்தில் தலைகுனிந்து நின்றார். அவருடைய சுற்றை வரைபடத்தோடு ஒவ்வொரு வயராக ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒரு வயரும் பிழையில்லை. பற்றரியும் புதியதே. அப்படியானால் மின்சாரம் எங்கே போயிற்று?

சிப்புக்குள் இருப்பது என்ன?

முதலில் ஒரு சொல் விளக்கம். பாடநூல்களில் இதனைச் 'சில்லு' என்பார்கள். எமக்குச் சில்லு என்றதும் சைக்கிள் சில்லுதான் நினைவுக்கு வரும் என்பதால் நான் சிப் என்றே எழுதுகிறேன்.

தர்க்கச் சிப்புக்கு இரண்டே நிலைகள்தான் தெரியும் என்று படித்திருப்பீர்கள்: 0, 1. ஆனால் சிப்பின் காலுக்கு வருவது எண் அல்ல, வோல்ற்றளவு. 9 வோல்ற்றில் இயங்கும் சிப்புக்குப் பூச்சியத்துக்குக் கிட்டிய வோல்ற்றளவு 0. 9 வோல்ற்றுக்குக் கிட்டியது 1. இவற்றுக்கு நடுவிலுள்ள 3, 4, 5 வோல்ற்றுகளுக்குத் தர்க்கத்தில் பெயர் இல்லை. ஆனால் வயரில் அவை வரும்.

4069 சிப்பினுள் ஆறு 'இல்லை' படலைகள் உள்ளன. உள்ளீடு 0 என்றால் வெளியீடு 1. உள்ளீடு 1 என்றால் வெளியீடு 0. ஒவ்வொரு படலையும் இரண்டே இரண்டு திரான்சிற்றர்களால் ஆனது. மேலே உள்ளது வழங்கலின் நேர் முனையையும் வெளியீட்டையும் இணைக்கிறது. கீழே உள்ளது வெளியீட்டையும் மறை முனையையும் இணைக்கிறது. இரண்டையும் இயக்குவது ஒரே உள்ளீட்டு வயர். உள்ளீடு தாழும்போது மேலுள்ளது திறக்கும், கீழுள்ளது மூடும். உள்ளீடு உயரும்போது மேலுள்ளது மூடும், கீழுள்ளது திறக்கும். ஒன்றையொன்று நிரப்பும் இந்தச் சோடி அமைப்புக்குச் 'சீமோஸ்' என்று பெயர்.

இந்த அமைப்பு 1963 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஃபெயார்சைல்ட் நிறுவனத்தில் பணியாற்றிய பிராங் வான்லஸ் என்பவரால் வெளிக்கொணரப்பட்டது. அவ்வாண்டு அவரும் சி. ரி. சா என்பவரும் சேர்ந்து வாசித்த ஆய்வுக் கட்டுரையின் தலைப்பிலேயே 'நனோவாற்று' என்ற சொல் இருந்தது. ஒரு வாற்றை நூறு கோடியாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு ஒரு நனோவாற்று. வான்லஸின் கண்டுபிடிப்புக்கு 1967 டிசெம்பரில் காப்புரிமம் கிடைத்தது. 1968 இல் ஆர்.சீ.ஏ. நிறுவனம் 4000 வரிசைச் சிப்புகளைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. எமது மாணவியின் 4069 அந்த வரிசையைச் சேர்ந்ததுதான்.

அக்காலத்தில் பரவலாக இருந்த மற்றைய வகை ரீ.ரீ.எல். எனப்படுவது. அதே ஆறு 'இல்லை' படலைகளைக் கொண்ட 7404 என்ற ரீ.ரீ.எல். சிப், ஒரு வேலையும் செய்யாமல் இருக்கும்போதே பல மில்லியம்பியர் ஓட்டத்தை எடுக்கும். உள்ளீடுகள் எல்லாம் உயர்வாக இருக்கும்போது அது 33 மில்லியம்பியர் வரை போகலாம். சீமோஸ் சிப்போ அமைதியாக இருக்கும்போது ஒரு மைக்கிரோஅம்பியர் அளவில்தான் எடுக்கும். பெரும்பாலும் அதிலும் குறைவு. ஒரு மைக்கிரோஅம்பியர் என்பது மில்லியம்பியரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கைக்கடிகாரம் ஒரு சிறு பொத்தான் மின்கலத்தில் வருடக்கணக்காக ஓடுவது இந்தக் குணத்தால்தான்.

அப்படியானால் எமது தோட்டக் கருவியின் சிப் மட்டும் ஏன் பற்றரியைக் குடித்தது?

இரண்டு கதவும் அரைகுறையாகத் திறந்தால்

வாப்பாவுக்கு நான் திரான்சிற்றர் பற்றிச் சொல்லவில்லை. குளத்தைப் பற்றிச் சொன்னேன். கனகராயன் ஆற்றை மறித்த இரணைமடு, பாலி ஆற்றை மறித்த வவுனிக்குளம், பேராற்றை மறித்த முத்தையன்கட்டு என்று குளங்களை வைத்தே பிழைக்கும் மண் இது. கதவைத் திறந்தால் நீர் போகும், மூடினால் நிற்கும் என்பதை இங்கு யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

ஒரு குளத்திலிருந்து ஒரு வாய்க்கால் இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் நடுவில் ஒரு தொட்டி. தொட்டிக்கு மேலே ஒரு கதவு. கீழே ஒரு கதவு. கீழ்க்கதவுக்கு அப்பால் கழிவு வாய்க்கால். இரண்டு கதவுகளும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருக்கின்றன. கயிற்றை ஒரு பக்கம் முழுதாக இழுத்தால் மேல்கதவு திறந்து கீழ்க்கதவு மூடும்; தொட்டி நிரம்பி நிற்கும். மறுபக்கம் முழுதாக இழுத்தால் மேல்கதவு மூடிக் கீழ்க்கதவு திறக்கும். தொட்டி வற்றி நிற்கும். இவ்விரு நிலைகளிலும் குளத்து நீர் வீணாகாது. தொட்டி நிரம்பும்போது ஒரு தொட்டி நீர் உள்ளே வரும், வற்றும்போது அந்த நீர் போகும். அதற்குப் பிறகு ஓட்டமே இல்லை.

கயிற்றை நடுவில் விட்டால்? மேல்கதவு பாதி திறந்திருக்கும். கீழ்க்கதவும் பாதி திறந்திருக்கும். குளத்து நீர் தொட்டியைக் கடந்து நேராகக் கழிவு வாய்க்காலில் விழும். கயிறு நடுவில் நிற்கும்வரை அது ஓடிக்கொண்டேயிருக்கும். ஒரு பாத்திக்கும் அந்த நீர் பாயாது.

"ரெண்டு கதவையும் அரைகுறையாக விட்டால் குளம் வத்தத்தானே செய்யும்" என்றார் வாப்பா. அவருடைய கேள்விக்கான பதிலின் பெரும்பகுதி அந்த ஒரு வசனத்தில் இருந்தது. குளம் பற்றரி, இரண்டு கதவுகள் இரண்டு திரான்சிற்றர்கள், கயிறு உள்ளீட்டு வோல்ற்றளவு. உள்ளீடு நடுத்தர வோல்ற்றளவில் நின்றால் இரு திரான்சிற்றர்களும் ஒரே நேரத்தில் கடத்துகின்றன. பற்றரியின் நேர் முனையிலிருந்து மறை முனைக்குச் சிப்பின் ஊடாகவே ஒரு பாதை திறந்துவிடுகிறது. ஒலிப்பான் ஒலிக்கவில்லை என்பதற்கும் இந்த ஓட்டத்துக்கும் சம்பந்தம் இல்லை.

ஒரு சிறு கணக்கு

மாணவிகளுக்குக் கதவுக் கதை மட்டும் போதாது, கணக்கும் வேண்டும்.

இவ்வகைத் திரான்சிற்றர் கடத்தத் தொடங்குவதற்கு ஓர் ஆகக் குறைந்த வோல்ற்றளவு தேவை. அதனை நுழைவாய் வோல்ற்றளவு என்போம். எமது சிப்பில் அது 1.5 வோல்ற்று என்று எடுத்துக்கொள்வோம். அப்படியானால் உள்ளீடு 1.5 வோல்ற்றைத் தாண்டியதும் கீழ்த் திரான்சிற்றர் கடத்தத் தொடங்கும். மேல் திரான்சிற்றர் வழங்கலிலிருந்து கணக்கிடும்; உள்ளீடு 9 இலிருந்து 1.5 வோல்ற்றேனும் குறைந்திருந்தால், அதாவது 7.5 வோல்ற்றுக்குக் கீழே இருந்தால், அது கடத்தும். எனவே 1.5 முதல் 7.5 வோல்ற்று வரை இரண்டுமே திறந்திருக்கின்றன.

எவ்வளவு ஓட்டம் பாயும்? உள்ளீடு நுழைவாயை எவ்வளவு தாண்டியிருக்கிறதோ, அந்த மிகுதியின் வர்க்கத்துக்கு ஓட்டம் விகிதசமமாகும். இரு கதவுகளில் குறைவாகத் திறந்திருப்பதே ஓட்டத்தைத் தீர்மானிக்கும். 2.5 வோல்ற்றில் கீழ்த் திரான்சிற்றரின் மிகுதி 1; வர்க்கம் 1. 3.5 இல் மிகுதி 2, வர்க்கம் 4. 4.5 இல் மிகுதி 3; வர்க்கம் 9. அதற்கு மேல் போனால் மேல் திரான்சிற்றர் மூடிக்கொண்டு வருவதால் 5.5 இல் 4, 6.5 இல் 1, 7.5 இல் பூச்சியம். வரைபுத்தாளில் வரைந்து பாருங்கள். இரு முனைகளிலும் தரையோடு கிடந்து, வழங்கலின் சரிபாதியில் உச்சிக்குப் போகும் ஒரு குன்று கிடைக்கும்.

இதே கணக்கை 5 வோல்ற்று வழங்கலுக்குச் செய்யுங்கள். சரிபாதி 2.5, மிகுதி 1, வர்க்கம் 1. 9 வோல்ற்றில் 9 பங்காக இருந்த உச்ச ஓட்டம் 5 வோல்ற்றில் 1 பங்காகிவிட்டது. 3 வோல்ற்றில் சரிபாதியே 1.5, மிகுதி பூச்சியம். இரு திரான்சிற்றர்களும் ஒன்றாகத் திறக்கும் இடைவெளியே அங்கு இல்லை. மிகச் சிறிய கசிவு மட்டும் மிஞ்சும். இந்தக் கணக்குப் பிறகு எமக்கு உதவியது.

மண் காய்வதற்கு நாள்கள் எடுக்கும்

இப்போது மாணவியின் சுற்றுக்கு வருவோம். பற்றரியின் நேர் முனையிலிருந்து 100 கிலோஓம் தடையி; அதற்குக் கீழே மண்; மண்ணிலிருந்து மறை முனை. தடையியும் மண்ணும் சந்திக்கும் இடம் சிப்பின் உள்ளீடு. மண்ணின் தடை 100 கிலோஓம் ஆகும்போது உள்ளீடு சரியாக 4.5 வோல்ற்று. அதைத் தாண்டினால் ஒலிப்பான் ஒலிக்கும்.

உள்ளீடு 1.5 வோல்ற்று ஆவதற்கு மண்ணின் தடை எவ்வளவாக இருக்க வேண்டும்? கணக்கிட்டால் 20 கிலோஓம். 7.5 வோல்ற்றுக்கு 500 கிலோஓம். மண்ணின் தடை 20 முதல் 500 கிலோஓம் வரையுள்ள எந்த அளவாக இருந்தாலும் சிப் மின்னைக் குடிக்கிறது. ஒலிப்பான் ஒலிப்பதோ 100 இல்தான். 20 இலிருந்து 100 வரையுள்ள வழி முழுவதும் சத்தமில்லாத குடிப்பு.

சுவிச்சை அழுத்தினால் உள்ளீடு கண்ணிமைக்கும் நேரத்துக்குள் 0 இலிருந்து 9 வோல்ற்றுக்குத் தாவிவிடும். குன்றைத் தாண்டுவதற்கு அது எடுக்கும் நேரம் கணக்கில் எடுக்க முடியாத அளவு சிறியது. ஆனால் மண் அப்படித் தாவாது. நனைந்த மண் காய்வதற்கு நாள்கள் எடுக்கும். அந்த நாள்கள் முழுவதும் உள்ளீடு குன்றின் மேல் மெதுவாக ஏறிக்கொண்டிருக்கும். வாப்பா நேரத்துக்குத் தண்ணீர் இறைத்ததால் அது உச்சியைத் தாண்டவேயில்லை, சரிவிலேயே நின்றது. நல்ல விவசாயியின் தோட்டம் முழு ஈரமாகவும் இருக்காது, முழுதாகக் காய்ந்தும் போகாது. அந்த இடைநிலைதான் பயிருக்கு நல்லது, சிப்புக்குக் கெட்டது.

ஆய்வுகூடத்தில் பார்த்தது

அந்த மாணவியையும் அவருடைய தோழிகளையும் கூட்டிக்கொண்டு ஆய்வுகூடத்துக்குப் போனேன். சிப்புக்குப் போகும் வழங்கல் வயரில் மட்டும் பல்மானியைத் தொடராக இணைத்தோம். மண்ணுக்குப் பதிலாக ஒரு மாறுந்தடையியை வைத்தோம்.

முதலில் எதிர்பாராத ஒன்றைக் கண்டோம். மாறுந்தடையியை யாரும் தொடாதபோதே பல்மானியின் வாசிப்பு நிலையாக நிற்கவில்லை. ஒரு மாணவி கையைச் சிப்புக்குக் கிட்டக் கொண்டுபோனால் வாசிப்பு மாறியது. கையை எடுத்தால் மீண்டும் மாறியது. "டீச்சர், இதுக்குள் ஜின் இருக்கா?" என்று ஒருவர் கேட்க வகுப்பே சிரித்தது.

காரணம் எளிது. 4069 இல் ஆறு படலைகள். எமது சுற்றில் பயன்பட்டவை இரண்டு. மிகுதி நான்கின் உள்ளீட்டுக் கால்களும் எதனோடும் இணைக்கப்படாமல் அந்தரத்தில் நின்றன. சீமோஸ் உள்ளீடு ஒரு மெல்லிய காவலிப் படலத்தின் மேல் இருக்கும் தகடு போன்றது. அதனூடாக ஓட்டம் பாயாது என்பதால், அதில் வந்து சேரும் சிறு மின்னேற்றமும் எளிதில் வெளியேறாது. சுவரிலுள்ள 50 ஹேட்ஸ் மின்வயரின் தாக்கமும் கையின் மின்னேற்றமும் அதனை நடு வோல்ற்றளவுக்குத் தள்ளப் போதும். பயன்படுத்தாத கால் என்றால் 0 இல் இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அது எங்கும் இல்லை. காற்றோடு ஆடும் கயிறு.

அந்த நான்கு உள்ளீடுகளையும் மறை முனையோடு இணைத்தோம். வாசிப்பு அமைதியாயிற்று. பிறகு மாறுந்தடையியை மெதுவாகத் திருப்பினோம். ஒரு முனையில் பல்மானி பூச்சியம் காட்டியது. திருப்பத் திருப்ப ஏறியது. நடுவில் சில மில்லியம்பியர் வரை போய், பிறகு இறங்கி, மறு முனையில் மீண்டும் பூச்சியம். வரைபுத்தாளில் வரைந்த குன்றைப் பல்மானியில் கண்டார்கள்.

9 வோல்ற்று அற்கலைன் பற்றரி ஒன்றின் கொள்ளளவு ஏறத்தாழ 500 மில்லியம்பியர் மணி. அதிலிருந்து 3 மில்லியம்பியர் தொடர்ந்து எடுத்தால் 500 ஐ 3 ஆல் வகுக்க 166 மணித்தியாலம். அதாவது 7 நாள். கடைக்காரர் பழைய பற்றரி தரவில்லை. பிள்ளை வயரைப் பிழையாகக் கொடுக்கவும் இல்லை.

என்ன செய்தோம்?

முதலாவது, பயன்படாத நான்கு உள்ளீடுகளையும் மறை முனையோடு நிரந்தரமாகப் பற்றாசு வைத்தோம். இதற்குச் செலவு சிறு துண்டு வயர் மட்டுமே.

இரண்டாவது, வழங்கல் வோல்ற்றளவைக் குறைத்தோம். கணக்கின்படி 3 வோல்ற்று மிக நல்லது. ஆனால் இந்தச் சிப் இயங்குவதற்குத் தரவுத்தாளில் சொல்லப்பட்ட ஆகக் குறைந்த வழங்கலே 3 வோல்ற்று. மின்கலம் சற்று இறங்கியதும் அது அந்த எல்லைக்குக் கீழே போய்விடும். எனவே மூன்று பென்ரோர்ச் பற்றரிகளைத் தொடராக வைத்து 4.5 வோல்ற்று எடுத்தோம். சரிபாதி 2.25; மிகுதி 0.75, வர்க்கம் ஏறத்தாழ 0.56. 9 வோல்ற்றில் இருந்த உச்ச ஓட்டத்தில் இது 16 இல் ஒரு பங்கு. 3 மில்லியம்பியர் 0.19 மில்லியம்பியர் ஆகிறது. தடையியூடாகவும் மண்ணூடாகவும் பாயும் 0.045 மில்லியம்பியர் வரையான ஓட்டத்தையும் கூட்டினால் 0.23 மில்லியம்பியர். நல்ல பென்ரோர்ச் பற்றரியின் கொள்ளளவு 2000 மில்லியம்பியர் மணி என்று கொண்டால், உள்ளீடு எந்நேரமும் உச்சியில் நின்றாலும் ஏறத்தாழ ஒரு வருடம். காலபோகத்தையும் சிறுபோகத்தையும் தாண்டலாம்.

மூன்றாவது யோசனை வாப்பாவிடமிருந்து வந்தது. "நான் காலையும் பின்னேரமும் தோட்டத்துக்குப் போறனான். அந்த நேரம் மட்டும் பார்த்தால் போதாதா?" என்றார். அழுத்தும்போது மட்டும் வழங்கலை இணைக்கும் ஒரு பொத்தானைப் பொருத்தினோம். ஒரு நாளில் சில விநாடிகள்தான் சிப் விழித்திருக்கிறது. மூன்றிலும் மலிவான, மூன்றிலும் சிறந்த தீர்வு அதுவே. ஆள் இல்லாத இடத்தில் வைக்கும் கருவியானால், இதே வேலையைச் செய்ய ஒரு நேரங்குறி சுற்றை வைத்துச் சில நிமிடத்துக்கு ஒரு தடவை கண நேரம் விழிக்கச் செய்யலாம்.

மாணவி அந்தச் செயற்றிட்டத்தைத் தொடர்கிறார். கணக்குகளை எழுதிய வரைபுத்தாளையும் கருவியின் பெட்டியின் மூடியில் ஒட்டி வைத்திருக்கிறார்.

வேறு எங்கெல்லாம் இது நடக்கிறது?

இது பாடசாலைச் செயற்றிட்டங்களுக்கு மட்டும் வரும் வருத்தம் அல்ல. சிப் செய்யும் நிறுவனங்கள் தமது தரவுத்தாள்களில் இதற்கென்றே தனி வரி ஒதுக்கியிருக்கின்றன.

பழைய ரீ.ரீ.எல். சிப்பின் வெளியீடு '1' என்று சொல்லும்போது 2.4 வோல்ற்று வரை குறைந்திருக்கலாம். அதனை 5 வோல்ற்றில் இயங்கும் சீமோஸ் சிப்புக்குக் கொடுத்தால் அது ஏறத்தாழச் சரிபாதி. இவ்விரு வகைகளையும் இணைப்பதற்கென்றே 74 எச்.சி.ரி. என்ற வரிசை உருவாக்கப்பட்டது. அது 2.4 வோல்ற்றை '1' என்று சரியாகவே புரிந்துகொள்ளும். ஆனாலும் ஓட்டம் கூடும். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் 74 எச்.சி.ரி. 244 சிப்பின் தரவுத்தாளைப் பாருங்கள். எல்லா உள்ளீடுகளும் முனைகளில் இருக்கும்போது சிப் முழுவதற்கும் உச்சம் 8 மைக்கிரோஅம்பியர். ஓர் உள்ளீடு 2.4 வோல்ற்றில் நின்றால் அந்த ஒன்றுக்கு மட்டும் மேலதிகமாக 2.4 மில்லியம்பியர் வரை போகலாம். 300 மடங்கு! தர்க்கம் சரி, விடை சரி, மின்கட்டணம் மட்டும் வேறு.

இன்று மாணவர்கள் விரும்பிப் பயன்படுத்தும் ஆர்டுயினோ ஊனோ பலகையிலும் இதே கதைதான். அதிலுள்ள ஏ.ரி.மெகா 328 சிப்பின் தரவுத்தாள், உள்ளீட்டுக் காலை அந்தரத்தில் விட்டாலோ வழங்கலின் சரிபாதிக்குக் கிட்ட வைத்தாலோ மிகையான மின்வலு செலவாகும் என்று வெளிப்படையாகவே எச்சரிக்கிறது. அப்படிப்பட்ட வோல்ற்றளவு வரும் கால்களில் தர்க்க உள்ளீட்டுப் பகுதியை நிறுத்திவைக்கும் வசதியும் அச்சிப்பில் உண்டு. 3.3 வோல்ற்றுப் பலகையின் வெளியீட்டை 5 வோல்ற்றுச் சிப்புக்கு நேரே கொடுப்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

சிலர் "ஷ்மிற் ரிகர் வகைச் சிப் போட்டால் சரியாகிவிடும்" என்பார்கள். ஓட்டோ ஷ்மிற் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1930களில் மாணவராக இருந்தபோது கணவாயின் நரம்பு பற்றிய ஆய்வின் வழியே கண்ட அமைப்பு அது. மெதுவாக ஏறும் உள்ளீட்டுக்கும் வெளியீடு தடுமாறாமல் ஒரே தாவலில் மாற அது உதவும். ஆனால் அதன் முதற்படியும் சீமோஸ் சோடிதான். உள்ளீடு நடுவில் நின்றால் அதுவும் குடிக்கும். தடுமாற்றத்துக்கு மருந்து அது, பற்றரிக்கு அல்ல. நாள் முழுவதும் இடை வோல்ற்றளவைக் கண்காணிக்க வேண்டுமானால் அதற்கென்றே ஒப்பிடு சிப்புகள் உண்டு. அவற்றுள் சில ஒரு மைக்கிரோஅம்பியரிலும் குறைவான ஓட்டத்தில் இயங்குகின்றன.

செயற்றிட்டம் செய்யும் மாணவிகளுக்கு

கருவியை மேசையில் வைத்து "வேலை செய்கிறது" என்று திருப்திப்படுவதோடு நிறுத்தாதீர்கள். பின்வருவனவற்றையும் பாருங்கள்.

சிப்பில் எத்தனை உள்ளீட்டுக் கால்கள் உள்ளன, அவற்றுள் நீங்கள் பயன்படுத்தாதவை எவை என்று எண்ணுங்கள். ஒவ்வொன்றையும் நேர் முனையோடோ மறை முனையோடோ இணையுங்கள். பயன்படுத்தாத வெளியீட்டுக் கால்களை இணைக்கக் கூடாது. அவற்றைச் சும்மா விடுங்கள்.

சுவிச் திறந்திருக்கும்போது உள்ளீடு எங்கே நிற்கிறது என்று கேளுங்கள். விடை தெரியாவிட்டால் ஒரு தடையியை வைத்து அதனை ஒரு முனைக்கு இழுத்துவிடுங்கள்.

ஒளி, வெப்பம், ஈரம் போன்ற மெதுவாக மாறுபவற்றை உணரும் கருவியானால், உள்ளீடு ஒரு நாளில் எவ்வளவு நேரம் நடுவில் நிற்கும் என்று மதிப்பிடுங்கள்.

பல்மானியை வழங்கலில் தொடராக வைத்து ஓட்டத்தை அளந்து, பற்றரியின் கொள்ளளவை அதனால் வகுத்துப் பாருங்கள். வரும் விடை மணித்தியாலம். அதனை 24 ஆல் வகுத்தால் நாள்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை செய்த கருவி பற்றரியைத் தின்றால், உடனே அதனை எடுத்து மூலையில் போட்டுவிடாதீர்கள். எங்கே போகிறது என்று அளந்து பார்க்கச் சொல்லுங்கள். அறிவியல் நகரில் அமைந்திருக்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்துக்கோ, 2021 இல் தனிப் பல்கலைக்கழகமாகிய வவுனியாப் பல்கலைக்கழகத்துக்கோ நாளை போகப்போகும் பிள்ளைக்கு அந்த அளவீடு ஒரு நல்ல தொடக்கம். எமது ஆய்வுகூடத்தில் பல்மானி இருக்கிறது. பாடசாலை முடிந்த பின்னரும் வந்து பயன்படுத்தலாம்.